வேலியிலிருந்து விழுந்த குருவி



சென்ற மாதத்தில் ஒரு மாலைவேளையில், அந்தமான் தீவிலுள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு தாய் நம் பகுதிக்கு ஒரு செய்தியும் இரண்டு படங்களும் அனுப்பியிருந்தார். வீட்டின் பின்வேலியை வெட்டிச் சீர்செய்தபோது, இலைகளுக்குள் மறைந்திருந்த பந்துபோன்ற புற்கூடு ஒன்றின் பக்கம் கிழிந்துவிட்டது. இரண்டு குஞ்சுகள் கீழே விழுந்தன. அவருடைய ஒன்பது வயது மகன் அவற்றை எடுத்து, அட்டைப்பெட்டியில் பஞ்சு பரப்பி, பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டினான். விடியுமுன் ஒரு குஞ்சு இறந்துபோயிற்று.

அத்தாய் நான்கு கேள்விகளை எழுதியிருந்தார். இது என்ன பறவை? அண்டை வீட்டார் ஒருவர் பறவைப் படநூலைப் புரட்டிப் பார்த்து, "மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது, இது மலை ஃபிஞ்ச்" என்கிறாரே, அது சரியா? மிஞ்சிய குஞ்சுக்கு என்ன ஊட்டுவது? சென்னையில் என் தங்கை இதே சாயலுள்ள குருவிகளைக் கடையில் வாங்கிக் கூண்டில் வளர்க்கிறாளே, நாங்களும் இதை வளர்க்கலாமா?

கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார். "நான்தான் அதைக் கொன்றேனா என்று என் மகன் திரும்பத் திரும்பக் கேட்கிறான், அதையும் இந்தியிலேதான் கேட்கிறான்."

மாதம் ஒருமுறை வரும் பத்திரிகையில் பதில் எழுதி வரும்வரை ஒரு குஞ்சு காத்திராது. ஆகையால் அன்றிரவே தொலைபேசியில் அழைத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னோம். ஆயினும் இதே கேள்விகள் உங்கள் வீட்டிலும் எழக்கூடும். அடுக்குமாடியின் குளியலறைச் சாளரத்திலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும், தொட்டிச் செடியிலும் குருவிகள் கூடு கட்டுகின்றன. பிள்ளைகள் அவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். எனவே சொன்னவற்றின் காரணங்களைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

மலையும் அதன் பெயரும்

பாம்பூஃப்ளாட் எங்கே இருக்கிறது என்பதை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். தென் அந்தமானில், போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிற்றூர் அது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. சாத்தாம் துறையில் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் படகில் ஏறினால் சிறிது நேரத்தில் பாம்பூஃப்ளாட்டில் இறங்கலாம். அவ்வூருக்குப் பின்னால் அடர்ந்த காட்டைப் போர்த்துக்கொண்டு எழுந்து நிற்பது ஹாரியட் மலை. மலைக்காடு தேசியப் பூங்காவாயிற்று. 2021 அக்டோபரில் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டப்பட்டது. 1891ஆம் ஆண்டின் ஆங்கிலேய மணிப்பூர்ப் போருக்குப்பின் அத்தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்ட மணிப்பூர் மக்களின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. இம்மலையை நீங்கள் பார்த்ததில்லை என்று எண்ணவேண்டாம். முன்பு புழங்கிய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைமரங்களும் கடலும் கலங்கரை விளக்கமுமாக அச்சிட்டிருந்த காட்சி, அம்மலைமீதிருந்து காணும் காட்சியே.

மலையின் பழைய பெயருக்கும் பறவைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேர்க் கைதிகள் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் டைட்லர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. அவருடைய மனைவியின் பெயரே ஹாரியட். டைட்லர் பறவைகளை ஆராய்ந்தவர். இன்றும் இமயமலையில் வாழும் ஒரு சிறு கதிர்க்குருவி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆக, அந்த அண்டை வீட்டார் படநூலைப் புரட்டியது புதிய வழக்கமன்று. அந்த மலையடிவாரத்தில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

மலை ஃபிஞ்ச் ஏன் அல்ல?

இனி கேள்விக்கு வருவோம். மலை ஃபிஞ்ச் என்று நூல்களில் சொல்லப்படும் பறவைகள் இந்தியாவில் இமயமலையைச் சார்ந்தவை. அவற்றில் இரண்டு வகைகள் பெயர்பெற்றவை. ஒன்று சாதாரண மலை ஃபிஞ்ச். மற்றொன்று பிராண்ட் என்பவரின் பெயர்கொண்ட மலை ஃபிஞ்ச். கோடையில் இவை மரங்கள் வளராத உயரத்தில், பெரும்பாலும் 3000 மீட்டருக்கும் மேலே, பாறைச் சரிவுகளிலும் பனி உருகும் ஓரங்களிலும் வாழ்கின்றன. குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகச் சேர்ந்து கீழ்ப்பள்ளத்தாக்குகளுக்கு இறங்குகின்றன. பாம்பூஃப்ளாட்டின் மலையோ 400 மீட்டர் உயரமும் இல்லாதது. அடிமுதல் முடிவரை வெப்பமண்டல மழைக்காடு நிறைந்தது. பனியைக் கண்டறியாத தீவில், பனியை அண்டி வாழும் பறவைக்கு இடமில்லை.

இதிலிருந்து நீங்கள் முதல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பறவையை அடையாளம் காணும்போது முதலாவது இறகின் நிறத்தைப் பார்க்காதீர்கள். அது நின்ற இடத்தைப் பாருங்கள். எந்த நாடு, எந்த உயரம், எவ்வகை நிலம், எந்தப் பருவம் என்று கேளுங்கள். அதற்குப் பிறகே படநூலைத் திறங்கள். படநூலில் அருகருகே அச்சிட்டிருப்பதால் மட்டும் இரண்டு பறவைகள் ஒரே தேசத்தில் வாழ்வதில்லை.

ஆனாலும் அண்டை வீட்டார் முற்றிலும் தவறிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தடித்துக் குறுகிய, கூம்புபோன்ற அலகைப் பார்த்தே அவர் ஃபிஞ்ச் என்றார். விதையை உடைத்துத் தின்னும் பறவைக்கு அத்தகைய அலகு அமைந்திருக்கும். மெய்யான ஃபிஞ்ச்கள் ஒரு குடும்பம். நம் சில்லைகள் வேறொரு குடும்பம். இரண்டும் விதையுண்ணிகளாகையால் அலகு ஒத்திருக்கிறது. கூண்டுப் பறவை வணிகர்கள் இரண்டையுமே ஃபிஞ்ச் என்று அழைப்பதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

படத்தில் இருந்த பறவை

அத்தாய் அனுப்பிய இரண்டாம் படத்தில், கிழிந்த கூட்டருகே தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ ஒன்று அமர்ந்திருந்தது. அது வெண்முதுகுச் சில்லை. முனியா என்று வடநாட்டார் சொல்வதும், நெல்லுக்குருவி, தினைக்குருவி என்று நம் கிராமங்களில் பொதுவாக அழைப்பதும் இந்தக் குலத்தையே.

அடையாளங்கள் இவை. நீளம் பத்துப் பதினோரு சென்டிமீட்டர்தான், சிட்டுக்குருவியினும் சிறியது. தலையும் முதுகும் இறக்கையும் கரும்பழுப்பு. முகமும் தொண்டையும் மார்பின் மேற்பகுதியும் இன்னும் கறுத்திருக்கும். வயிறு வெளுத்திருக்கும். வால் கறுத்து, நுனி கூராக முடியும். அலகு தடித்தது, அதன் கீழ்ப்பாதி நீலச்சாம்பல் நிறம். இவை அனைத்தையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. வாலுக்குச் சற்று மேலே, முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். பறவை அமர்ந்திருக்கும்போது இறக்கை அதை மூடிவிடக்கூடும்; பறந்து எழும்போது வெள்ளை பளிச்சென்று தோன்றும். அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் ஐயமில்லை.

இளம்பறவை இதே அமைப்பில், கருமை குறைந்து மங்கிய பழுப்பாக இருக்கும். ஆண், பெண் என்று நிறத்தால் பிரித்தறிய இயலாது. அதற்கு வழி வேறு, பின்னே சொல்கிறோம்.

சென்னையிலோ மும்பையிலோ வாழும் வாசகர், "எங்கள் பூங்காவிலும் சில்லை வருகிறதே" என்று கேட்கலாம். நகரத்துப் புல்வெளிகளில் நீங்கள் மிகுதியாகக் காண்பது புள்ளிச் சில்லை. அதன் முதுகு செம்பழுப்பு. மார்பிலும் விலாவிலும் மீன்செதில்போன்ற வரிகள் உண்டு. முதுகில் வெள்ளைப் பட்டை இராது. வெண்முதுகுச் சில்லை மரச்செறிவையும் மழையையும் நாடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும், இலங்கையிலும், வடகிழக்கு இந்தியாவிலும், அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா, தென்சீனம் வரையிலும் அது பரவியிருக்கிறது. 1766இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயரிட்டார். அந்தமானில் வாழ்வது அதன் தனிக் கிளையினம். 1873இல் வால்டன் பிரபு அதற்கு இட்ட பெயரின் பொருள் "புகையேறியது" என்பதாம். அடுப்பங்கரையில் நெடுநாள் தொங்கிய துணிபோன்ற அதன் நிறத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தமென்றே தோன்றும். நிக்கோபாரில் வாழ்வது இன்னொரு கிளையினம்.

பாம்பூஃப்ளாட்டின் கடைத்தெருவில் சிட்டுக்குருவியும் உண்டல்லவா என்று கேட்பீர்கள். உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் அடைக்கலான் குருவி என்று நாம் வாசிக்கும் அதே குருவிதான். ஆனால் அந்தமானில் அது பூர்வகுடி அன்று. கைதிகள் குடியிருப்பு 1858இல் அமைந்தபின், அந்த நூற்றாண்டிலேயே மனிதர் அதைக் கொண்டுவந்து விட்டனர். மைனாவும் அப்படியே வந்தது. நம்மைப்போலக் கப்பலேறிப் பிழைக்க வந்த குருவிகள் அவை. சில்லையோ மனிதர் கொண்டுவராமல் தானாகவே அத்தீவில் வாழ்ந்துவரும் பறவை.

அதன் பழக்கங்கள்

வெண்முதுகுச் சில்லை தனித்து வாழ்வதில்லை. ஐந்தாறு, பத்துப் பதினைந்து என்று சிறு கூட்டமாகவே காட்டோரத்திலும், புதரிலும், தோட்டத்திலும், புல் முற்றிய வெற்றிடங்களிலும் திரியும். ஒன்று புல்லின்மேல் இறங்கினால் மற்றவையும் இறங்கும். ஒன்று எழுந்தால் எல்லாம் எழும். பறக்கையில் அலைபோல ஏறி இறங்கி, மெல்லிய நடுக்கமுள்ள கீச்சொலியால் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே செல்லும். அந்த ஒலி கூட்டம் சிதறாதிருக்கும்படி இடப்படும் அழைப்பு.

உணவு பெரும்பாலும் புல்விதை. தாளின்மேல் ஏறி, தன் எடையால் அதை வளைத்து, கதிரிலிருந்து விதையை உருவும். நெல் விளையுமிடத்தில் நெல்லையும் தின்னும். மூங்கில் பூத்து விதைக்கும் அரிய காலங்களில் மூங்கிலரிசியை நாடும். மலேசிய நெல்வயல்களில் இப்பறவையின் உணவை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். தேங்கிய நீரில் படரும் பச்சைப்பாசியையும் இது தின்கிறது. விதையில் மாவு மிகுதி, புரதம் குறைவு. பாசி அக்குறையை நிரப்புகிறது. முட்டையிடும் பருவத்துக்கு அந்தப் புரதம் துணைசெய்கிறது.

கூடு கட்டும் முறை கவனிக்கத்தக்கது. சிட்டுக்குருவியைப்போல வைக்கோலைத் திணித்து வைப்பதில்லை. நீண்ட புற்களையும் இலைநார்களையும் கொண்டு, பக்கத்தில் ஒரு வாசல் வைத்து, கூரையுள்ள பெரிய பந்தாகக் கட்டுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டும். முட்டைகள் தூய வெள்ளை. மூன்று முதல் எட்டுவரை இடும். அடைகாப்பதிலும் இருவருக்கும் பங்குண்டு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். பிறகு மூன்று வாரமளவில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வரும்.

வெளியே வந்தாலும் பிரிந்துவிடுவதில்லை. பகலில் பெற்றோருடன் இரைதேடிச் சுற்றி, இரவில் அதே கூட்டுக்குத் திரும்பி ஒன்றோடொன்று நெருங்கி உறங்கும். முட்டையிடும் காலம் முடிந்த பின்னும் பழைய கூடுகள் படுக்கையறைகளாகப் பயன்படும். ஆகையால் வேலியில் ஒரு புற்கூட்டைக் கண்டால், "குஞ்சுகள் போய்விட்டன, இனி வேண்டாத குப்பை" என்று பிடுங்கி எறியாதீர்கள். பொழுதுசாய்ந்தபின் எட்ட நின்று பாருங்கள். உள்ளே ஒரு குடும்பம் இருக்கலாம்.

சென்னைத் தங்கையின் கூண்டு

அத்தாயின் தங்கை வளர்க்கும் குருவி எது? கடைகளில் பெங்காலி ஃபிஞ்ச் என்று விற்கப்படும் பறவையாக இருக்கவேண்டும். பெயரில் வங்காளம் இருந்தாலும் அது வங்காளத்துப் பறவை அன்று. சீனத்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்ட வெண்முதுகுச் சில்லைகளை, ஏறத்தாழ 250 ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய்க் கூண்டிலேயே பெருக்கியதால் உண்டான வளர்ப்பினம் அது. உடலெங்கும் ஒழுங்கில்லாத வெள்ளைத் திட்டுகள் இருக்கும். சில முழுவெள்ளையாகவும் இருக்கும். பாம்பூஃப்ளாட் வேலியில் இருந்ததும் சென்னைக் கூண்டில் இருப்பதும் பங்காளிகளே. ஆயினும் ஒன்று காட்டில் வாழ்வது. மற்றொன்று காட்டை அறியாதது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஜப்பானிய அறிஞர் கசுவோ ஒகனோயாவும் அவரோடு சேர்ந்தோரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நாம் முன்னே நிறுத்திவைத்த கேள்விக்கும் அங்கே விடை இருக்கிறது. இக்குருவிகளில் பாடுவது ஆண் மட்டுமே. பெண் அழைப்பொலி எழுப்பும், பாட்டுப் பாடாது. ஆகவே ஆணைப் பெண்ணிலிருந்து பிரித்தறியும் வழி கண்ணன்று, காது.

அந்தப் பாட்டோடு குஞ்சு பிறப்பதில்லை. அழைப்பொலி பிறவியிலேயே அமைகிறது, பாட்டையோ கற்றுக்கொள்ளவேண்டும். கூட்டிலும் கூட்டைச் சுற்றியும் தகப்பன் பாடுவதைக் கேட்டு, ஆண்குஞ்சு முதலில் மழலையாய் முணுமுணுக்கும். பிறகு துண்டுதுண்டாகப் பாடிப் பார்க்கும். நான்காம் மாதவாக்கில் பாட்டு நிலைபெறும். அதன்பின் பெரிதாக மாறுவதில்லை. கேட்கவேண்டிய அந்தச் சில மாதங்களில் பாடுகிறவர் இல்லையென்றால், வளர்ந்தபின் பாட்டு செம்மையாக அமைவதில்லை. வளர்ப்பினத்தின் பாட்டு காட்டினத்தின் பாட்டைவிடச் சிக்கலானது என்பதும் அவர்கள் கண்ட இன்னொரு செய்தி. கூண்டில் பருந்து, பாம்பு அச்சம் இல்லாததால் பாட்டு தாராளமாக வளர்ந்தது என்று விளக்குகிறார்கள்.

வளர்க்கலாமா?

இப்போது நான்காம் கேள்வி. வளர்க்கக்கூடாது. இது எங்கள் விருப்பமட்டுமன்று; நாட்டின் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையைப் பிடிப்பது மட்டுமல்ல, அதன் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். இந்தியக் காட்டுப் பறவைகளின் உள்நாட்டு வணிகமும் 1990-91 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தங்கையின் வளர்ப்பினம் அயல்நாட்டில் கூண்டில் உண்டானது. அது வேறு கணக்கு.

ஆனால் கடைக்குச் செல்லும் வாசகர் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும். காட்டில் வலைவீசிப் பிடித்த சில்லைகளுக்குப் பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றி, அயல்நாட்டுக் குருவி என்று விற்கும் வழக்கம் நம் பறவைச் சந்தைகளில் இருந்திருக்கிறது. குளித்தால் சாயம் போகும். பல பறவைகள் அதற்கு முன்பே இறந்துபோகும். பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று மலிவாக வாங்கி வரும் கூண்டில் இந்தத் துன்பம் மறைந்திருக்கலாம். அடையாளம் காணத் தெரிந்தவர் ஏமாறமாட்டார்.

வேதத்தை நன்கு அறிந்த வாசகர் உபாகமம் 22ஆம் அதிகாரத்தை நினைக்கலாம். வழியில் குருவிக்கூடு கண்டவன் தாயைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்காமல், தாயைப் போகவிடவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. குஞ்சை எடுக்க அங்கே இடமிருக்கிறதே என்று வாதிடலாம். அது பசிக்கு உணவு தேடினவர்களுக்குச் சொன்னது. பசித்தவனுக்கே அவ்வளவு வரம்பு விதிக்கப்பட்டிருக்கையில், வேடிக்கைக்காக வளர்க்க நினைக்கும் நமக்கு எவ்வளவு வரம்பு இருக்கவேண்டும்!

விழுந்த குஞ்சுக்கு என்ன செய்வது?

மூன்றாம் கேள்விக்கு நாங்கள் தொலைபேசியில் சொன்ன பதில் இதுவே. நீங்களும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பால் கொடுக்காதீர்கள். பறவைகள் பாலூட்டும் இனமன்று. பாலைச் செரிக்கும் அமைப்பு அவற்றுக்கு இல்லை. ரொட்டியும் ஆகாது. வாயில் நீரையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சில்லைக் குஞ்சுக்குப் பெற்றோர் தம் தொண்டைப்பையில் ஊறிய விதையை அலகோடு அலகு வைத்து ஊட்டுகின்றன. அதை நம்மால் எளிதில் செய்ய இயலாது.

இரண்டு: மனிதன் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. தொட்ட மணத்திற்காகப் பறவை தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சானால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சானால், பெரும்பாலும் அது பறக்கக் கற்கிறது. அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு விலகிப்போங்கள்.

மூன்று: கூடு கிழிந்திருந்தால், சிறு கூடையிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ உலர்ந்த புல் பரப்பி, மழைநீர் தேங்காதபடி அடியில் துளையிட்டு, கூடு இருந்த அதே கிளையில் கட்டுங்கள். பூனை எட்டாத உயரம் வேண்டும்.

நான்கு: எட்ட நில்லுங்கள். நீங்கள் அருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்வரை பெற்றோர் வரமாட்டா. ஓரிரண்டு மணி நேரம் சாளரத்தின் பின்னாலிருந்து கவனியுங்கள். யாரும் வரவில்லையானால், அல்லது குஞ்சு காயப்பட்டிருந்தால், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

ஐந்து: வேலியை வெட்டுமுன் ஒருமுறை உள்ளே பாருங்கள். கூடு இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஒன்றரை மாதம் விட்டுவையுங்கள். வேலி காத்திருக்கும்.

என்ன நடந்தது?

பாம்பூஃப்ளாட்டில் கிழிந்த கூட்டில் இன்னும் மூன்று குஞ்சுகள் இருந்தன. ஆகவே பெற்றோர் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை. மறுநாள் விடியற்காலையில் அந்தச் சிறுவனும் தாயும் மிஞ்சிய குஞ்சைக் கூட்டினுள் வைத்து, கிழிந்த பக்கத்தைப் புல்லால் மூடி நூலால் கட்டினார்கள். சமையலறைச் சாளரத்தின் பின்னே உட்கார்ந்துகொண்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பறவை வந்தது. பிறகு மற்றொன்றும் வந்தது. பத்து நாள் கழித்து அத்தாய் எழுதினார்: கூடு காலியாக இருந்தது, வேலியில் நான்கு மங்கிய பழுப்புக் குருவிகள் அமர்ந்திருந்தன, மாலையில் எல்லாம் கூட்டுக்குள் நுழைந்தன.

அச்சிறுவனுக்கும் ஒரு பதில் சொல்லவேண்டியிருந்தது. தம்பி, நீ கொல்லவில்லை என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. நீ கொடுத்த பால் அக்குஞ்சுக்கு ஆகாததே. அன்புமட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை உன் வயதிலேயே நீ அறிந்துகொண்டாய். இந்தியாவின் பெரும் பறவையறிஞர் சலீம் அலியும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தியவரே. அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்டறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலில் போய் நின்றார். அந்தக் கேள்வியே அவர் வாழ்க்கையாயிற்று. 1985இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அக்குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். நீயும் கேட்டாய். உன் கேள்வியால் ஒரு குஞ்சு பிழைத்தது.

அவனுடைய தாய்க்கும், அவரைப்போல வேற்றூரில் பிள்ளை வளர்க்கும் உங்களுக்கும் ஒரு சொல். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பள்ளியிலும் தெருவிலும் இந்தி வழங்குவதால் பிள்ளை இந்தியில் அழுவது குற்றமன்று. சில்லைக் குஞ்சுக்கு அழைப்பொலி தானாக வருகிறது, பாட்டு மட்டும் தகப்பன் பாடக் கேட்டே வருகிறது என்று பார்த்தோம். மனிதப் பிள்ளைக்கு நான்கு மாதம் என்ற குறுகிய எல்லை இல்லை; நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. படகுத்துறை வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் தகப்பன்மார், உறங்கப்போகும் பிள்ளையோடு பத்து நிமிடம் தமிழில் பேசுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், வேலியில் இன்றைக்கு எத்தனை குருவிகள் வந்தன என்று கேளுங்கள்.

அவன் எண்ணிச் சொல்லட்டும்.